முட்டுமாடும் மூன்று நிமிடமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்)

ஆண்டு மலரில் வெற்றி பெற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கியவரும், பல்கலைக்கழகத் தேர்வில் இடம் பிடித்தவரும் தம் அனுபவத்தைச் சொல்வார்கள். நாமும் படித்து மகிழ்வோம். நான் எழுத வந்திருப்பதோ ஒரு தோல்வியைப் பற்றி. மூன்றே நிமிடத்தில் முடிந்துபோன அந்தத் தோல்விக்காக நாங்கள் மூன்று நண்பர்கள் ஒரு வாரம் முழுவதும் திட்டம் தீட்டினோம். அத்திட்டம் எங்கே சரியாக இருந்தது, எங்கே பிழைத்தது என்று எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு போகவிருக்கும் தம்பி தங்கையருக்குப் பயன்படும் அல்லவா? அந்த எண்ணத்தில்தான் பேனாவைக் கையில் எடுத்தேன்.

ரோபோ சண்டை என்றதும் திரைப்படத்தில் வருவதுபோல் இரண்டு இயந்திர மனிதர்கள் கைகலப்பதாக எண்ணிவிட வேண்டாம். உண்மையில் இவை சக்கரம் வைத்த இரும்புப் பெட்டிகள். கண்ணாடி போன்ற தடித்த பிளாஸ்டிக் சுவர்கள் சூழ்ந்த களத்திற்குள் இரண்டு பெட்டிகளை விட்டுவிடுவார்கள். இயக்குபவர்கள் ரிமோட்டுடன் வெளியே நிற்க வேண்டும். சண்டை மூன்று நிமிடம். நடுவில் ஒன்று அசையாமல் நின்றுவிட்டால் பத்து வரை எண்ணுவார்கள். அதற்குள் அசையாவிட்டால் தோல்வி. மூன்று நிமிடமும் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தால் நடுவர்கள் புள்ளி போடுவார்கள்.

1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் மார்க் தார்ப் என்பவர் இந்த விளையாட்டைப் போட்டியாக நடத்திக் காட்டினார். 1998இல் பி.பி.சி. தொலைக்காட்சி அதை இங்கிலாந்தின் வீடுகளுக்குள் கொண்டுபோயிற்று. நம் நாட்டில் மும்பை ஐ.ஐ.டி. மாணவர்கள் நடத்தும் டெக்ஃபெஸ்ட் விழாவில் ரோபோ சண்டை பெருங்கூட்டத்தை இழுக்கும் நிகழ்ச்சி. வெளிநாட்டு அணிகளும் வந்து மோதியிருக்கின்றன. அந்த ஆசை இப்போது மாவட்டங்களில் உள்ள பொறியியல் கல்லூரிகள் வரை பரவிவிட்டது. அப்படிப்பட்ட ஒரு கல்லூரியின் விழா அறிவிப்பில், ‘எக்கல்லூரி மாணவரும் கலந்துகொள்ளலாம்’ என்ற வரியைப் புவனகிரி நண்பன் காட்டினான். எங்கள் கதை அந்த ஒரு வரியில் தொடங்கியது.

நான் குமராட்சியிலிருந்து வருபவன். என் தந்தையார் வாடகை டிராக்டர் ஓட்டுகிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். என் கோப்பில் ‘முதல் பட்டதாரிச் சான்றிதழ்’ ஒன்று இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் எவரும் பட்டம் பெறவில்லை என்பதற்கு அரசாங்கம் கொடுத்த சாட்சி அது. வல்லம்படுகை நண்பனின் நிலையும் ஏறக்குறைய இதுதான். புவனகிரி நண்பனுடைய மாமா லேத் பட்டறை வைத்திருப்பதால் அவன்தான் எங்கள் அணியின் பணக்காரன்.

எட்டுக் கிலோ பிரிவில் பெயர் கொடுத்தோம். மோட்டார் நான்கும், பேட்டரியும், ரிமோட்டும் வாங்க வேண்டியிருந்தது. என் பங்கு 2,000 ரூபாயை அம்மா மகளிர் குழுவில் கடனாக எடுத்துத் தந்தார். “எதுக்குத் தம்பி?” என்று கேட்டபோது, “படிப்புக்குத்தாம்மா” என்றேன். அது பொய் இல்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பட்டறையில் மூன்று மில்லி மீட்டர் இரும்புத் தகட்டை வளைத்துப் பெட்டி செய்தோம். கடைத்தெரு அரிசி மண்டித் தராசில் நிறுத்தோம். தராசுக்காரர் ஒருமுறை பெட்டியையும் ஒருமுறை எங்களையும் பார்த்துவிட்டு, “இது என்னா வெலை போவும்?” என்றார்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, யாருடன் யார் மோதுவது என்ற பட்டியல் வந்தது. எங்களுக்கு வாய்த்தவன் ஒரு ஃப்ளிப்பர். அதுவும் முந்தைய ஆண்டு வென்ற ஃப்ளிப்பர்.

ஃப்ளிப்பர் என்பது எதிரியை வெட்டுவதும் இல்லை, உடைப்பதும் இல்லை. தரையோடு தரையாக வந்து எதிரியின் அடியில் மூக்கை நுழைக்கும். அழுத்தி அடைத்த காற்றைத் திறந்துவிட்டு மேலே உள்ள தகட்டை வெடுக்கென்று தூக்கும். அவ்வளவுதான், எதிரி குடை சாய்ந்துவிடுவான். இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் செய்த ‘கேயாஸ் 2’ என்ற ஃப்ளிப்பர் எதிரிகளைக் களத்துச் சுவருக்கு அப்பால் வீசியே பெயர் பெற்றது. பி.பி.சி. போட்டியில் அடுத்தடுத்து இரண்டு தொடர்களில் வாகை சூடியது. இப்படி ஒன்றைத்தான் நாங்கள் எதிர்கொள்ள வேண்டும். ஊரில் முட்டித் தூக்கும் மாட்டைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஆகவே அதற்கு ‘முட்டுமாடு’ என்று பெயர் வைத்தோம்.

முதல் நாள் எங்களுக்கு வந்தது பயம்தான். பயம் தெளிந்ததும் அதன் பழைய சண்டைகளைக் கைபேசியில் போட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். ரியோபாட்ஸ் என்ற பிரேசில் நாட்டு அணியினர் ரோபோ சண்டைக்கென்று எழுதி எல்லோரும் படிக்கும்படி வெளியிட்ட வழிகாட்டி நூல் ஒன்று இருக்கிறது. எழுதியவர் மெக்யோலாரோ என்ற பேராசிரியர். அதை அகராதியும் கையுமாக இரவில் படித்தேன். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆயிற்று. ஆனால் அதிலிருந்த சூத்திரங்கள் எல்லாம் நம் முதலாண்டு இயந்திரவியல் வகுப்பில் கண்டவைதாம் என்று தெரிந்தபோது உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? ஆங்கிலம்தான் அந்நியமாக இருந்தது, நெம்புகோல் அந்நியமில்லை.

அந்த வாரம் தை அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றும் வேலை. தந்தையார் இரவு எட்டு மணிக்குமேல்தான் வீடு திரும்புவார். ஒருநாள் திண்ணையில் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, தலைத் துண்டை உதறிக்கொண்டே அருகில் உட்கார்ந்தார்.

“மேல என்னாடா மூட்டை கட்டி வெச்சிருக்க?”

“பேட்டரிப்பா. உள்ள எடம் இல்ல.”

“வைக்கோல் வண்டி ஏன் சாயுது தெரியுமா? பாரத்தால இல்ல. பாரம் ஒசரத்துல இருக்குறதால. நெல்லு மூட்டை அதவிடக் கனம். அது சாயுதா?”

எனக்குச் சுருக்கென்றது. ஈர்ப்பு மையம் என்ற தலைப்பில் பத்து மதிப்பெண் வினாவுக்கு இரண்டு பக்கம் எழுதித் தேர்ந்தவன் நான். மறுநாள் கொத்தனாரின் தூக்குக்குண்டை வாங்கி வந்து, பெட்டியை இரண்டு இடங்களில் கயிற்றில் தொங்கவிட்டு, ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடித்தோம். தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இருந்தது. சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதி 15 செ.மீ. அப்படியானால் 51 பாகை சாய்த்தாலே வண்டி கவிழும். பேட்டரியை உள்ளே கொண்டுபோய் நடுவில் வைத்தபின் உயரம் ஏழரை செ.மீ. ஆயிற்று, கவிழும் கோணம் 63 பாகைக்கு ஏறியது.

ஆனால் மெல்லச் சாய்ப்பவனுக்கல்லவா இந்தக் கணக்கு? வெடுக்கென்று வீசுபவனிடம் இது மட்டும் போதாது. எட்டுக் கிலோவைக் கவிழ்க்க எட்டுக் கிலோ விசை கூட வேண்டியதில்லை. ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் நாலு கிலோ விசையிலேயே அந்தப் பக்கம் எழும்பிவிடும். மீதிப் பாரத்தை மறுபக்கச் சக்கரம் தாங்கிக்கொள்கிறது. இதைவிடப் பொல்லாத உண்மை இன்னொன்று. நம் மூக்கு அவன் தகட்டின்மேல் ஏறிய கணமே, நம் எடையில் ஒரு பகுதி அவன் சக்கரங்களுக்குப் போய்விடுகிறது. எடை கூடினால் உராய்வு கூடும். அவன் பிடிப்பு வலுக்கும். நம் சக்கரம் தரையில் வழுக்கும். நம் எடையைக் கொண்டே நம்மைத் தள்ளுவான். ஆகவே இந்தச் சண்டையில் முதல் கேள்வி யார் பலசாலி என்பதன்று. யார் தாழ்ந்து வருகிறார் என்பதுதான்.

முன்னும் பின்னும் கதவுக் கீல் வைத்துச் சரிவான தகடுகள் மாட்டினோம். கீலில் தொங்கும் தகடு தன் எடையாலேயே தரையைத் தொட்டுக்கொண்டு வரும். வண்டி கவிழ்ந்தாலும் மறுபக்கமாக விழுந்து தரையைத் தொடும். அப்படியும் ஒரு குறை இருந்தது. ரிமோட்டை முழுவதும் அழுத்தி வண்டியைப் பாயவிட்டால் முன்பக்கம் சற்றே எழும்பிற்று. இதற்கும் தந்தையாரிடம்தான் விடை கிடைத்தது.

“சேத்துல உழுவும்போது முன்சக்கரம் தூக்குச்சுன்னா ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்துடணும். அமுக்குனியோ, மல்லாக்கப் போட்டுடும்.”

முடுக்கத்தில் பாரம் பின்னுக்குப் போகும். வேகத்தைக் குறைத்தால் முன்னுக்கு வரும். எனவே பாய்ந்து செல்ல வேண்டும். தொடுவதற்கு ஒரு முழம் முன்னால் விசையை விட்டுவிட வேண்டும். அப்போது மூக்கு தாழும். களத்துமேட்டில் ஒரு பழைய முறத்தை எதிரியாக வைத்து இதை நூறு முறையாவது பழகியிருப்பேன்.

அடுத்தது, கவிழ்ந்தபின் என்ன செய்வது என்பது. கவிழவே கூடாது என்று திட்டமிடுவது வீண் என்பதை அதற்குள் உணர்ந்துவிட்டோம். 10 செ.மீ. சக்கரங்களைக் கழற்றிவிட்டு 15 செ.மீ. சக்கரங்களை மாட்டினோம். பெட்டியின் உயரம் 12 செ.மீ.தான், ஆகவே மல்லாந்தாலும் சக்கரம் தரையைத் தொடும், வண்டி ஓடும். ஆனால் தலைகீழாக ஓடும்போது ஒரு விந்தை நிகழ்கிறது. இடது வலது மாறிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். தாளில் வரைந்து பார்த்தால் அப்படியில்லை. திருப்பம் மாறுவதில்லை; முன்னும் பின்னும்தான் மாறுகின்றன. வாலையே தலையாக நினைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். இதையும் பழகினேன்.

விழும் அடியைத் தாங்குவது எப்படி? எட்டுக் கிலோ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 78.4 ஜூல் ஆற்றல். அந்த அடியில் இரும்புக்கு ஒன்றும் ஆகாது. கம்பி முனைகள்தான் கழன்று வரும். பழைய வீடியோக்களில் தோற்றவர்களில் பலர் கவிழ்ந்ததால் தோற்கவில்லை. கவிழ்ந்த அதிர்ச்சியில் உள்ளே ஏதோ கழன்று, அசையாமல் நின்றதால் தோற்றார்கள். சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிப் பேட்டரியைச் சுற்றிக் கட்டினோம். இணைப்பு ஒவ்வொன்றையும் வல்லம்படுகை நண்பன் இரண்டு முறை பற்றவைத்தான்.

கடைசியாக, எங்கள் திட்டத்தின் மணிமகுடம் என்று நான் கருதியது காற்றுக் கணக்கு. முட்டுமாட்டின் வயிற்றில் இருப்பது ஒரு சிறிய உருளைக் காற்று. ஒவ்வொரு தூக்கலுக்கும் கொஞ்சம் செலவாகும். சில நாடுகளில் கரியமில வாயுவைத் திரவமாக அடைத்துப் பயன்படுத்துகிறார்கள். அங்கும் அடுத்தடுத்து முட்டினால் திரவம் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தை இழுத்துக்கொண்டு உருளை குளிர்ந்துபோகும், அழுத்தம் இறங்கும். எதுவானாலும் முட்டுமாட்டுக்கு மூச்சு அளவானது. வீடியோக்களில் எண்ணிப் பார்த்தோம். ஏழு தூக்கல்கள் பலமாக இருந்தன. எட்டாவதில் கை பாதிதான் எழுந்தது. அவனை எட்டு முறை முட்ட வைத்துவிட்டால் அவன் வெறும் தகரப் பெட்டி! ஆகவே நெருங்குவது போல் நெருங்கி விலக வேண்டும். அவன் ஏமாந்து காற்றைச் செலவழிக்க வேண்டும்.

இதைத் தந்தையாரிடம் பெருமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “முட்டுற மாட்டுக்கு முன்னால நிக்காத, பக்கவாட்டுல நில்லு. அது கொம்பத் தூக்குன நேரந்தான் ஒனக்கு நேரம். அப்ப உள்ள பூந்துடணும்.”

முதல் வாக்கியத்தைத் திட்டத் தாளில் குறித்துக்கொண்டேன். இரண்டாவதை எழுதவில்லை. என் காற்றுக் கணக்கின் அழகில் அவ்வளவு மயங்கியிருந்தேன்.

போட்டி நாளன்று அதிகாலைப் பேருந்தில் பெட்டியை உரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனோம். பதிவு மேசையில் இருந்த மாணவர், “ஆர்ட்ஸ் காலேஜா? எந்த ப்ராஞ்ச்?” என்று கேட்டார். “பி.எஸ்சி. ஃபிசிக்ஸ்” என்றேன். அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பார்வையில் இகழ்ச்சி இருந்ததா, வியப்பு மட்டும்தானா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று எனக்கு இகழ்ச்சியாகத்தான் பட்டது.

மணி அடித்தது. முதல் மோதலில் எங்கள் தகடு அவன் தகட்டுக்குக் கீழே போயிற்று! விசையை விட்டு மூக்கைத் தாழ்த்தியது பலித்தது. அவன் முட்டினான், காற்றில்தான் முட்டினான். கூட்டம் ஓவென்று கத்தியது. இரண்டாம் முறையும் வீண். மூன்றாம் முறை தரைப் பலகைகளின் இணைப்பில் எங்கள் தகடு சிக்கி ஒரு கணம் நின்றது. அந்தக் கணம் போதும். எங்கள் வண்டி பம்பரமாகச் சுழன்று மல்லாந்து விழுந்தது. நடுவர் எண்ணத் தொடங்கினார். பழகியதெல்லாம் மறந்துபோய் விசையை முன்னால் தள்ளினேன். வண்டி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. “நாலு” என்று காதில் விழுந்தபோதுதான் வாலைத் தலையாக நினைக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. நகர்ந்தது. உள்ளே எதுவும் கழன்றிருக்கவில்லை. சைக்கிள் டியூபுக்கு மனத்திற்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அதன்பின் திட்டப்படியே எல்லாம் நடந்தது. நெருங்குவேன், விலகுவேன். அவன் முட்டுவான். இன்னும் மூன்று முறை கவிழ்த்தான். மூன்று முறையும் தலைகீழாகவோ நேராகவோ ஓடிக்கொண்டே இருந்தோம். வல்லம்படுகை நண்பன் என் காதருகே எண்ணிக்கொண்டிருந்தான்: “ஆறு… ஏழு…” எட்டாவது தூக்கலில் கை பாதிதான் எழுந்தது. எங்கள் கணக்கு துல்லியமாகப் பலித்தது! மிச்சமிருந்த நேரம் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். அந்த நேரம் முழுவதும் அவனைச் சுவரோரம் தள்ளிக்கொண்டே இருந்தோம். மணி அடித்தபோது அவன் மூலையில் இருந்தான். நாங்கள் அவனுக்குக் கீழே இருந்தோம்.

வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன். நடுவர்கள் மூவரில் இருவர் அவனுக்குக் கை தூக்கினார்கள்.

முடிவை எதிர்த்து வாதாட எங்களுக்கு மனம் துடித்தது. ஆனால் நடுவர்களில் ஒருவர் தாளைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். தாக்குதல், சேதம், கட்டுப்பாடு என்று மூன்று தலைப்பு. சேதம் இருவருக்கும் இல்லை. கட்டுப்பாட்டில் சமம். “முதல் ரெண்டு நிமிஷம் யார் தாக்கினது, தம்பி?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவன் கை மேலே எழுந்து, மடங்கிக் கீழே இறங்க இரண்டு வினாடிக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தில் அவன் ஆயுதமற்றவன். அவன் விலாப்புறம் திறந்து கிடக்கிறது. எட்டு முறை அவன் கொம்பைத் தூக்கினான். எட்டு முறையும் நான் விலகிப் போய், அடுத்த தூக்கலுக்காகக் காத்திருந்தேன்! சடுகுடுவில் பாடிக்கொண்டு போய், யாரையும் தொடாமல் பத்திரமாகத் திரும்பி வருபவனுக்குப் புள்ளி இல்லை என்பது எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் போட்டது தோற்காமல் இருப்பதற்கான திட்டம். வெல்வதற்கான திட்டம் அன்று.

கடைசிப் பேருந்தில் வீடு வந்து சேர்ந்தேன். தந்தையார் திண்ணையில் விழித்திருந்தார். “தோத்துட்டோம்பா” என்றேன். கோபமும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“கொம்பத் தூக்குனப்ப உள்ள பூந்தியா?”

“இல்லப்பா.”

“ம்…” என்றார். பிறகு, “சாப்புட்டுப் படு” என்றார்.

அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. தோல்வியைவிட அந்த எழுதாமல் விட்ட வாக்கியம்தான் என்னை உறுத்தியது. பிரேசில் நாட்டுப் பேராசிரியரின் நூலை அகராதி வைத்து வரிவரியாகப் படித்தேன். திண்ணையில் பக்கத்திலிருந்தவர் தமிழில் சொன்ன இரண்டு வாக்கியத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். அது ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பட்டப்படிப்பில் சேர்ந்த நாள் முதலாக, எனக்குத் தெரிந்தவை அப்பாவுக்குத் தெரியாது என்ற எண்ணம் எப்படியோ மனத்தில் குடியேறியிருக்கிறது. அதன் மறுபக்கத்தை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

நண்பர்களே, பெட்டி இப்போது நம் இயற்பியல் துறையின் சாமான் அறையில் இருக்கிறது. பேராசிரியர் இடம் கொடுத்திருக்கிறார். சுழற்சி இயக்கம் பாடத்தை நடத்தும்போது அதை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லி ஒருமுறை கேட்டார். அம்மாவின் கடனில் இன்னும் நான்கு தவணை பாக்கி. விடுமுறை நாட்களில் பட்டறை வேலைக்குப் போய் அடைத்து வருகிறேன். அடுத்த ஆண்டும் அந்த விழா நடக்கும். அந்த முட்டுமாடும் வரும் என்றே நம்புகிறேன். அதற்கான திட்டத்தைப் புதிய தாளில் எழுதத் தொடங்கிவிட்டோம். தாழ்ந்து போ, கவிழ்ந்தாலும் ஓடு, காற்றை எண்ணு என்பவை அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் மேலே, முதல் வரியாக, அப்பா சொன்ன இரண்டாவது வாக்கியம் இருக்கிறது.